கருங்கடல் திராட்சை, புதுச்சேரி வெயில்: வாசகர் கேள்வி பதில்

உக்ரைனுக்கு மருத்துவம் படிக்கப் போய்வந்த பிள்ளைகள் கடலூர், புதுச்சேரிப் பக்கம் நிறையப் பேர். அவர்கள் கொண்டுவந்த ஒயின் பாட்டில்களையும் சொன்ன செய்திகளையும் வைத்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

என் மகள் ஒடேசாவில் மருத்துவம் படித்தாள். திரும்பி வரும்போது ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவந்தாள். இரண்டு வருஷமாக அலமாரியில் நிற்கிறது. 'ஒடேசா கறுப்பு' என்று ஏதோ சொன்னாள். லேபிளில் ஒரு எழுத்தும் புரியவில்லை. இன்னும் குடிக்கும்படி இருக்குமா?
– வாசகர், முத்தியால்பேட்டை

அது திராட்சை ரகத்தின் பெயர். உக்ரைன் மொழியில் 'ஒதேஸ்கி சோர்னி'. ஒடேசாவில் 1905-இல் வசில் தாயிரோவ் தொடங்கிய திராட்சை ஆய்வு நிலையம் இன்று அவர் பெயரிலேயே இயங்குகிறது. அங்கே 1948-இல் அலிகாந்தே பூஷே, கபெர்னே சோவின்யோன் என்ற இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது இது. சாதாரணமாகக் கறுப்புத் திராட்சையின் தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே சதை வெளுத்த பச்சையாக இருக்கும். ஒயினுக்குச் சிவப்பு வருவது தோலிலிருந்துதான். இந்த ரகம் அப்படி இல்லை. பழத்தைக் குறுக்கே அறுத்தால் சதையே பீட்ரூட் அறுத்ததுபோல் இருக்கும். விரலில் பட்டால் சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாது. அதனால்தான் ஒயின் மை போன்ற கருஞ்சிவப்பில் வருகிறது.

லேபிளில் நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு சொல். ஆங்கில எழுத்துகளான சி, ஒய், எக்ஸ், இ நான்கையும் வரிசையாக எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சொல் தெரிந்தால், அதை 'சுஹே' என்று படிக்க வேண்டும். இனிப்பில்லாத ஒயின் என்று பொருள். அதே நான்கு எழுத்துகளுக்கு முன்னால் இன்னும் ஐந்து எழுத்து ஒட்டியிருந்தால் 'நாபிவ்சுஹே', லேசான இனிப்பு. 'நாபிவ்சோலோட்கே' என்றால் நன்றாகவே இனிக்கும்.

இனி நிலைமைக்கு வருவோம். அலமாரியில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே இரண்டு தப்பு இருக்கிறது. ஒயினை வைக்க ஏற்ற சூடு 12 முதல் 14 டிகிரி. முத்தியால்பேட்டை வீட்டு அலமாரியில் மே மாதம் 33, 34 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் திரவம் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். இரவில் சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இரண்டு கோடையில் இது பல நாள் நடந்திருக்கும். இரண்டாவது தப்பு, நிற்க வைத்தது. படுக்க வைத்தால் ஒயின் கார்க்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும், கார்க் காயாது. நிற்க வைத்தால் கார்க் காய்ந்து சுருங்கி, காற்றுக்கு வழி விடும். திருகு மூடி போட்ட பாட்டிலாக இருந்தால் இந்த இரண்டாவது கவலை இல்லை.

திறக்கும் முன் கழுத்தைப் பாருங்கள். கார்க் கண்ணாடி விளிம்பைவிட உயர்ந்திருக்கிறதா, உறைக்கு அடியில் பிசுபிசுப்பு இருக்கிறதா? இருந்தால் சூடு தன் வேலையைக் காட்டிவிட்டது. கிளாசில் ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பிடியுங்கள். ஓரம் ஊதாவாகவோ சிவப்பாகவோ இருந்தால் நல்லது. செங்கல் நிறமோ பழுப்போ தட்டி, பேரீச்சம்பழத்தைக் கொதிக்க வைத்த வாடை வந்தால் கெட்டுவிட்டது. மூக்கில் ஏறும் வினிகர் வாடை வந்தால் சமையலில் ஊற்றக்கூட அது உதவாது. பாட்டிலின் அடியில் கறுப்புத் தூளோ கற்கண்டுத் தூள் போன்ற படிகமோ கிடந்தால் பயப்பட வேண்டாம். முதலாவது நிறப்பொருள் படிந்தது, இரண்டாவது திராட்சையின் சொந்தப் புளிப்பு உப்பு. முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, மெதுவாக ஊற்றினால் போதும்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த அறை ஐரோப்பாவின் கல்வீட்டு அறை என்பதை நினைவில் வையுங்கள். அது 17 டிகிரி. நம் அறை 31. ஒரு பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், அதில் ஒரு கைப்பிடி உப்பு. பாட்டிலைக் கழுத்துவரை கால் மணி நேரம் முக்கி வைத்தால் சரியாக வரும். திறந்த பாட்டிலை அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். இனிமேல் வரும் பாட்டிலை ஈரத்துணி சுற்றி, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் படுக்க வையுங்கள். ஆறு மாதத்துக்கு அது நல்ல இடம்தான்.

உக்ரைனில் குளிர்காலத்தில் திராட்சைக் கொடியை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, வெயில் வந்ததும் தோண்டி எடுப்பார்களாமே? கொடி அழுகாதா? எங்கள் ஊரில் பத்து நாள் தண்ணி நின்றாலே வேர் போய்விடுகிறது.
– விவசாயி, பாகூர்

உண்மைதான். எல்லாத் தோட்டத்திலும் செய்வதில்லை. கடலை ஒட்டிய தெற்கு ஒடேசாவில் பல ரகங்களை மூடாமலே விட்டுவிடுகிறார்கள். உள்ளே தள்ளிய ஊர்களில் கட்டாயம் மூட வேண்டும். ஐரோப்பிய ரகங்களின் மொட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 18 முதல் 20 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கும் கீழே ஓர் இரவு போனால் மொட்டுக்குள் இருக்கும் குருத்து கருகிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. பிளேடால் மொட்டைக் குறுக்கே சீவிப் பார்த்தால், உயிரோடு இருப்பது பச்சை, செத்தது காப்பிக்கொட்டை நிறம். அங்கே கவாத்துக்கு, அதாவது கிளை வெட்டுவதற்கு, முன்னால் நூறு மொட்டை இப்படிச் சீவி எண்ணிவிட்டுத்தான் எத்தனை கண் விட்டு வெட்டுவது என்று முடிவு செய்வார்கள்.

மூடும் முறை இது. இலை உதிர்ந்த பிறகு பாதிக் கவாத்து செய்து, கம்பியிலிருந்து கொடியை அவிழ்ப்பார்கள். கொடிகளைச் சேர்த்துக் கட்டி, வரிசையோடு ஒட்டித் தரையில் படுக்க வைத்து, கலப்பையால் இருபக்கமும் மண்ணைத் தள்ளி 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடு போடுவார்கள். இதற்காகவே கன்றை நடும்போதே அடிமரம் நிமிர்ந்து வளராமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்படி நடுகிறார்கள். பெரிய மரமாகிவிட்ட தண்டை வளைத்தால் ஒடிந்துவிடும் அல்லவா?

அழுகாதா என்ற உங்கள் கேள்வி சரியான கேள்வி. அழுகும். சீக்கிரமே, மண் இன்னும் சூடாக இருக்கும்போதே மூடினாலும் அழுகும். ஏப்ரலில் எடுக்காமல் தாமதித்தாலும் அழுகும். கொடி தூங்கிக்கொண்டிருக்கும்வரைதான் மண்ணுக்குள் பத்திரம். கண் விழித்து மொட்டு பருக்கத் தொடங்கிவிட்டால், மேட்டைக் கலைக்கும்போது மொட்டு பொலபொலவென்று உதிர்ந்துவிடும். சீக்கிரம் எடுத்தாலோ ஏப்ரல் கடைசி உறைபனி வந்து துளிரைக் கருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் சில நாள்தான் கிடைக்கும்.

நம் பக்கத்துக் கொடிக்கு இந்தத் தூக்கமே கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்கப் பசுமையாக நிற்கிறது. இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை எடுக்கிறார்கள். குளிர் செய்ய வேண்டிய வேலையை அங்கே கவாத்துக் கத்தி செய்கிறது. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பன்னீர் ரகத்தின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். தெற்கு உக்ரைனிலும் அதே ரகம் உண்டு. அங்கே மண்ணுக்கடியில் தூங்குகிறது, தேனியில் தூங்காமல் காய்க்கிறது.

ஷாபோ என்ற உக்ரைன் ஊரில் கடல் மணலில் திராட்சை விளைகிறது என்று படித்தேன். எங்கள் ஊரில் மணலுக்குப் பஞ்சமே இல்லை. இங்கே போடலாமா?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

ஷாபோ, கருங்கடலுக்கும் நீஸ்டர் ஆற்றின் கழிமுகத்துக்கும் நடுவில் இருக்கிறது. துருக்கியர் காலத்தில் 'கீழ்த் தோட்டம்' என்ற பொருளில் வழங்கிய பெயர்தான் சுருங்கி ஷாபோ ஆனது. 1822-இல் சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்திலிருந்து லூயி வின்சென்ட் தார்தான் என்பவர் தலைமையில் திராட்சை விவசாயிகள் வண்டி கட்டி வந்து குடியேறினார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே கொடி இருந்தது. தெல்தி குருக் என்ற வெள்ளை ரகம் அந்தக் காலத்தின் மிச்சம். துருக்கி மொழியில் 'நரி வால்' என்று அர்த்தம். நீண்டு நுனி வளைந்த குலையைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும்.

மணலுக்கு அங்கே ஒரு தனிப் பெருமை இருக்கிறது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த ஃபிலாக்செரா என்ற வேர்ப்பேன், கண்டம் முழுக்கக் கொடிகளைக் கொன்றது. களிமண் காய்ந்து வெடிக்கும்போது அந்த வெடிப்பு வழியாகத்தான் இந்தப் பூச்சி வேருக்கு வேர் போகும். மணலில் வெடிப்பு நிற்காது, பூச்சி போட்ட வழி அப்போதே சரிந்து மூடிவிடும். அதனால் ஷாபோவில் ஒட்டுப் போடாமல் சொந்த வேரிலேயே நிற்கும் கொடிகள் உண்டு. மற்றப் பெரும்பாலான இடங்களில் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினால்தான் பிழைக்கும்.

நம் கடற்கரைக்கு இந்தப் பலன் பயன்படாது. இங்கே எதிரி வேறு. மணலில் செழிப்பது நூற்புழு. வேரில் முடிச்சு முடிச்சாக விழுந்து கொடி மஞ்சளித்தால் அதுதான். அடுத்தது நிலத்தடியில் உப்பேறிய தண்ணி. இலை ஓரம் காய்ந்து கருகுவதைக் கடலூர் முதுநகர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் தென்னங்கன்றிலேயே பார்த்திருப்பார்கள். திராட்சை தென்னையைவிட உப்புக்கு மென்மையானது. மூன்றாவது மழை. ஒடேசாப் பக்கம் வருஷத்துக்கு 400, 450 மில்லிமீட்டர்தான். கடலூரில் 1200-க்கு மேல், அதிலும் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. ஈரத்தில் இலையைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய்க்கு இதைவிட விருந்து வேண்டாம். புயலைச் சொல்லவே வேண்டாம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு, கல்தூண் பந்தல் எத்தனை நேரம் நிற்கும் என்று தெரியும். வியாபாரத்துக்குப் போடாதீர்கள். பணத்தை மணலில் போட்டதாகத்தான் ஆகும்.

வீட்டுக்கு ஒரு பந்தல் வேண்டுமென்றால் தாராளமாக வைக்கலாம். டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய பன்னீர்க் கன்று வாங்குங்கள். அந்த வேர் உப்பையும் நூற்புழுவையும் ஓரளவு தாங்கும். மூன்றடிக் கனக் குழி, அதில் மட்கிய தொழு உரமும் செம்மண்ணும் பாதிக்குப் பாதி. மழை ஓய்ந்த ஜனவரியில் நடவு. காய்ப்புக்கு வந்த பிறகு கவாத்தையும் ஜனவரியிலேயே செய்தால் பூவும் பிஞ்சும் மழையில் மாட்டாது, மே மாதத்தில் பழம் கிடைக்கும்.

அடிச்சாம்பலுக்குப் போர்டோ கலவையே போதும். (பிரான்சின் போர்டோ ஒயின் தோட்டங்களில் பிறந்த மருந்து, அதனால்தான் அந்தப் பெயர்.) நூறு கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் தண்ணியில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு வாளியில் நீற்றி ஐந்து லிட்டராக்கி வடிகட்டுங்கள். ஆறியதும் துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் திரிந்து கட்டியாகும், தெளிப்பான் மூக்கை அடைக்கும். கலவை வானநீலமாக இருக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் சுண்ணாம்பு தேவை. அப்படியே தெளித்தால் இலை பொசுங்கும். கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். தகரம், இரும்பு வாளி கூடவே கூடாது.

உக்ரைன் கிராமங்களில் வீட்டிலேயே ஒயின் செய்து, பாட்டில் வாயில் ரப்பர் கையுறை மாட்டிவிடுவார்களாம். கையுறை எதற்கு? முழு முறையும் தெரிய வேண்டும். கேட்டரிங் படிக்கிறேன்.
– மாணவி, லாஸ்பேட்டை

முதலில் சட்டம். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்காக, கேக்குக்காக என்றாலும் அதேதான். ஆகவே இதை அங்கே நடக்கும் முறையாகப் படியுங்கள், வீட்டில் முயல வேண்டாம்.

செப்டம்பர் கடைசியில் பறிக்கிறார்கள். பத்துக் கிலோ பழத்துக்கு ஆறிலிருந்து ஏழு லிட்டர் சாறு வரும். பழத்தைக் கழுவுவதில்லை, தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்தான் அவர்களுக்கு உறைமோர் மாதிரி. அழுகிய பழத்தைப் பொறுக்கி எறிந்துவிட்டு, காம்பிலிருந்து உதிர்த்து, கையால் பிசைகிறார்கள். மிக்சி, கல் எதுவும் உதவாது. விதை உடைந்தால் வேப்பங்கொட்டை கடித்தாற்போல் கசப்பு இறங்கிவிடும். பாத்திரம் எனாமல், கண்ணாடி, எவர்சில்வர் மட்டும். செம்பும் பித்தளையும் புளியில் களிம்பு ஏறுவதுபோல் ஏறும்.

வாயை மெல்லிய துணியால் கட்டி வைத்தால் இரண்டாம் நாள் தோல் எல்லாம் மேலே வந்து கெட்டியாக மிதக்கும். அதை ஒரு நாளைக்கு மூன்று முறை மரக்கரண்டியால் உள்ளே அமுக்க வேண்டும். சோம்பினால் மேல்பகுதி காற்றில் காய்ந்து வினிகராக மாறத் தொடங்கும். நிறமும் இறங்காது. நாலைந்து நாள் கழித்துத் துணியில் பிழிந்து, சாற்றைப் பெரிய கண்ணாடிக் குடுவையில் ஊற்றுவார்கள். பத்து, இருபது லிட்டர் பிடிக்கும், குறுகிய கழுத்து, 'புத்தில்' என்று பெயர். முக்கால் அளவுதான் நிரப்ப வேண்டும். நுரை பொங்கும்.

சர்க்கரைக் கணக்கு எளிது. ஒரு லிட்டரில் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத மது. சாற்றில் லிட்டருக்கு 170 கிராம் இருந்தால் பத்து சதவீதம் வரும். அதற்கும் குறைந்தால் ஒயின் நிலைக்காது, கெட்டுப்போகும். அதனால் லிட்டருக்கு 50 கிராம் வரை சர்க்கரை சேர்ப்பார்கள். ஒரே தடவையில் கொட்டினால் ஈஸ்ட் திணறும். இரண்டு மூன்று தவணையாகக் கரைத்து ஊற்றுவது வழக்கம்.

இப்போது கையுறை. நொதிக்கும்போது கரியமில வாயு வெளியேற வேண்டும், வெளிக்காற்று உள்ளே போகக்கூடாது. மருந்துக்கடைக் கையுறையைக் குடுவையின் வாயில் இழுத்து மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, ஒரு விரல் நுனியில் ஊசியால் ஒரே ஒரு துளை போடுவார்கள். வாயு வந்துகொண்டிருக்கும்வரை கையுறை உப்பி, ஐந்து விரலும் விறைத்து, யாரோ கையைத் தூக்கி நிற்பதுபோல் நிற்கும். மூன்று வாரமோ ஐந்து வாரமோ கழித்து வாயு குறைந்ததும் துவண்டு குடுவைமேல் விழும். நொதித்தல் முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். துளை போட மறந்தால் கையுறை பறந்துவிடும். துளைக்குப் பதில் மூடியை இறுக்கி அடைத்தால் குடுவையே வெடிக்கும்.

மூன்றாம் நாள் வரை கையுறை எழவே இல்லையென்றால், கட்டு தளர்ந்து ஓரத்தில் கசிகிறது, அல்லது அறை 15 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து ஈஸ்ட் சுருண்டுவிட்டது. எழுந்து பாதியில் படுத்து, சுவைத்தால் இன்னும் இனிக்கிறது என்றால் நொதித்தல் நின்றுபோனது. சூடு ஏறினாலும் இறங்கினாலும் இப்படி ஆகும். அழுகிய முட்டை வாடை வந்தால் ஈஸ்டுக்குச் சத்துப் போதவில்லை. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றுப் படவிட்டால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் இதை நொதிக்கும்போது மட்டும்தான் செய்யலாம். முடிந்த ஒயினுக்குக் காற்று ஆகாது.

முடிந்ததும் அடியில் கஞ்சிபோல் மண்டி படிந்திருக்கும். ரப்பர் குழாயை மண்டியைத் தொடாமல் விட்டு, வாயால் இழுத்து, தெளிவை மட்டும் வேறு குடுவைக்கு மாற்றி, இந்தத் தடவை கழுத்துவரை நிரப்பி அடைத்து, 'போஹ்ரிப்' என்னும் நிலவறைக்கு இறக்குவார்கள். குளிரில் இன்னும் மண்டி படியும், ஒரு மாதம் கழித்து மறுபடி மாற்றுவார்கள். இந்த நிலவறைதான் நம் ஊரில் இல்லாதது. 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும், வினிகர் பாக்டீரியா கொண்டாடும். நம் பக்கம் பல வீட்டு ஒயின்கள் புளித்துப்போவதற்கு அதுதான் காரணம். கைப்பக்குவத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

புதுச்சேரியில் வாங்கிய ஒயினைக் கடலூர் வீட்டுக்குக் கொண்டுவரலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

அனுமதிச் சீட்டு இல்லாமல் கூடாது. வேறு மாநிலத்தின் வரி கட்டிய பாட்டில் அது, சோதனைச் சாவடியில் பிடித்தால் வழக்கு வரும். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிக்கு விமான நிலையச் சுங்கத்தில் இரண்டு லிட்டர் வரை தீர்வை இல்லை. பாட்டில் வாங்கிய ரசீதையும் பயணச் சீட்டையும் பாட்டிலோடு வைத்திருங்கள்.

பாக்முத் என்று போர்ச் செய்தியில் கேட்ட ஊரில், சுரங்கத்துக்குள் ஷாம்பெயின் செய்தார்கள் என்பது நிஜமா? சுரங்கம் எதற்கு?
– ஆசிரியர், ஒயிட் டவுன், புதுச்சேரி

நிஜம். ஷாம்பெயின் என்ற பெயர் பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்துக்கு மட்டும் உரியது. உக்ரைனில் நுரைக்கும் ஒயினை 'இஹ்ரிஸ்தே' என்கிறார்கள். நாம் நிலக்கடலைக்குப் போடுகிறோமே, அதே ஜிப்சத்தை வெட்டியெடுத்த பழைய சுரங்கத்தில், 72 மீட்டர் ஆழத்தில், 1950-இல் இந்த ஆலையைத் தொடங்கினார்கள். ஆர்ட்வைனரி என்பது பிற்காலப் பெயர்.

சுரங்கம் ஏன் என்றால், வெளியே கோடையில் 35, குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20. உள்ளே வருஷம் முழுக்க 12 முதல் 15. இந்த ஒயின் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது தடவை நொதிக்க வேண்டும். முடிந்த வெள்ளை ஒயினில் லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து அடைப்பார்கள். 4 கிராம் சர்க்கரை ஒரு வளிமண்டல அழுத்தம் தரும், ஆக 24-க்கு ஆறு. கார் டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அளவு தப்பி அதிகமாக விழுந்தால் பாட்டில் வெடிக்கலாம், ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளவையும் உடையலாம். குளிரில் மெதுவாக நொதித்தால் குமிழி நுண்ணியதாக வரும், சூட்டில் சோடாபோல் கரடாக வரும்.

குறைந்தது ஒன்பது மாதம் ஈஸ்ட் மண்டியோடு படுத்திருக்கும். பிறகு துளைபோட்ட சாய்பலகையில் தலைகீழாகச் செருகி, ஒரு வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவு தினமும் திருப்ப, மண்டி சரிந்து சரிந்து கழுத்துக்கு வந்து சேரும். கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால், மண்டி ஐஸ் கட்டியோடு துள்ளி வெளியே விழும். இழந்த அளவை ஒயினும் சர்க்கரையும் ஊற்றி நிரப்பிக் கார்க் அடிப்பார்கள்.

2022-இல் ஆலை நின்றது. இருப்பில் ஒரு பகுதியை வெளியே கொண்டுபோக முடிந்தது. 2023 மே மாதத்துக்குள் ஊரே தரைமட்டம். அந்தச் சுரங்கத்தில் மண்டியோடு படுத்திருந்த பாட்டில்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஒருவேளை நுரைக்கும் பாட்டில் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், நன்றாகக் குளிரவைத்து, 45 டிகிரி சாய்த்து, கார்க்கைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். கார்க்கைத் திருப்பாதீர்கள். சத்தம் பெருமூச்சுபோல் வர வேண்டும்.

மசாந்த்ரா ஒயின் உக்ரைனுடையதா, ரஷ்யாவுடையதா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

மசாந்த்ரா இருப்பது கிரிமியாவின் யால்தா பக்கத்தில். 1890-களில் ஜார் மன்னர் குடும்பத்துக்காக, இளவரசர் லேவ் கோலித்சின் மேற்பார்வையில் மலையைக் குடைந்து நிலவறைகள் கட்டினார்கள். 2014 முதல் கிரிமியா ரஷ்ய ஆக்கிரமிப்பில் இருக்கிறது. அந்த ஆண்டு ஐ.நா. பொதுச் சபை உக்ரைனின் எல்லைகளை உறுதிப்படுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆகவே சட்டப்படி உக்ரைனுடையது, கைவசம் ரஷ்யாவிடம். மசாந்த்ராவின் பெயர் இனிப்பான, மது சேர்த்து வலுவூட்டிய ஒயின்களுக்குத்தான். அந்த வகை பல பத்தாண்டு தாங்கும்.

குண்டு விழும் நாட்டில் ஒயின் எப்படிச் செய்கிறார்கள்? விற்பனைக்குப் பாட்டில் வருகிறதே!
– வாசகி, வில்லியனூர்

குண்டைவிட மின்வெட்டு பெரிய தொல்லை. நொதிக்கும்போது சாற்றில் ஒவ்வொரு சதவீத சர்க்கரை தீரும்போதும் தொட்டியின் சூடு சுமார் 1.3 டிகிரி ஏறும். இருபது சதவீத சர்க்கரை உள்ள சாறு, குளிரூட்டாமல் விட்டால் 26 டிகிரி ஏறப் பார்க்கும். வெள்ளை ஒயினை 14 முதல் 18 டிகிரிக்குள் பிடித்து வைத்தால்தான் மணம் நிற்கும். 2022 அக்டோபரிலிருந்து மின் நிலையங்கள் தாக்கப்பட்டபோது ஜெனரேட்டர் இல்லாத சிறு ஆலைகளுக்கு ஈடுகொடுப்பது மிகவும் கடினமாக இருந்தது.

அடுத்தது கண்ணாடி. கீவ் நகருக்குப் பக்கத்தில் ஹோஸ்டோமெலில் இருந்த பெரிய பாட்டில் தொழிற்சாலை 2022 மார்ச் சண்டையில் சேதமடைந்தது. ஒயின் தயார், ஊற்றப் பாட்டில் இல்லை என்ற நிலை வந்தது. கெர்சோன் பக்கம் நீப்பர் ஆற்றங்கரையில் 1896-இல் தொடங்கிய த்ருபெத்ஸ்கோய் ஒயின் பண்ணை 2022 நவம்பர் வரை ஆக்கிரமிப்பில் இருந்தது. சரக்கும் சூறை போனது. 2023 ஜூன் 6-இல் ககோவ்கா அணை உடைந்து, தெற்கின் பாசனத் தண்ணியும் போனது. முன்வரிசைக்குப் பக்கத்துத் தோட்டங்களில் கண்ணிவெடி அகற்றாமல் கவாத்துக்குப் போக முடியாது. கவாத்து தவறினால் கொடி காடாக வளர்ந்து, காய் சிறுத்து, அடுத்த வருஷத்துக் கண்களும் வீணாகும். ஒரு பருவம் விட்டால் மீட்க மூன்று பருவம் ஆகும்.

இது அவர்களுக்கு முதல் அடியும் அல்ல. 1985-இல் கொர்பச்சோவ் காலத்து மது எதிர்ப்பு இயக்கத்தில் சோவியத் நாடு முழுக்கத் தோட்டங்களைப் பிடுங்கினார்கள். இவற்றில் பல அதற்குப் பிறகு நட்டு வளர்த்தவை. மேற்கே கார்பாத்திய மலைக்கு அப்பால் இருக்கும் ஜகார்பாத்தியா வட்டாரமும், தெற்கே ஒடேசாவின் பெஸ்ஸராபியப் பகுதியும் தொடர்ந்து பறித்துப் பிழிகின்றன. நீங்கள் பார்க்கும் பாட்டில் பெரும்பாலும் அங்கிருந்து வந்திருக்கும்.

நம் சாப்பாட்டுக்கு உக்ரைன் ஒயினில் எது ஒத்துப்போகும்?
– வாசகர், அரியாங்குப்பம்

காரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மிளகாய்க் காரம் மதுவின் எரிச்சலையும் சிவப்பு ஒயினின் துவர்ப்பையும் இரட்டிப்பாக்கும். மீன் குழம்போடு ஒடேசா கறுப்பை வைத்தால் இரண்டும் கெடும். குழம்புக்கு, நாபிவ்சோலோட்கே என்று எழுதிய வெள்ளை ஒயினை நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள். எலுமிச்சை பிழிந்த வஞ்சிரம் வறுவலுக்கு, மசாலா மட்டாக இருந்தால், தெல்தி குருக் போன்ற இனிப்பில்லாத வெள்ளை. ஒடேசா கறுப்பை மிளகு தூக்கலாக, மிளகாய் குறைவாகச் செய்த ஆட்டுக்கறிச் சுக்காவுக்கு வையுங்கள். கொழுப்பு அதன் துவர்ப்பைத் தணிக்கும். ரசத்தோடும் மோரோடும் எந்த ஒயினும் சேராது.